சொன்னவர்களுக்கு நேர்ந்தது

நீலகிரித் தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் எழுதி 1906இல் வெளிவந்த பெரிய புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் ஒரு செய்தி வருகிறது. படிக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ, எழுநூற்றுச் சொச்சம் பக்கங்களில் அதைவிட முக்கியமானதாக வேறெதுவும் படவில்லை. 1901–02இல் ரிவர்ஸ் மலையில் தங்கி, மொழிபெயர்ப்பாளரைக் கூட வைத்துக்கொண்டு, தோடர்களின் பால்கோயில் சடங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வந்தார். சில மாதங்கள் சென்றபின், அவருக்கு விஷயம் சொன்னவர்கள் அடுத்தடுத்துத் துன்பத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் நோயில் விழுந்தார். ஒருவருடைய மனைவி இறந்துபோனாள். இன்னொருவருடைய மந்தில் பால்கோயில் எரிந்துபோயிற்று. குறி சொல்பவர்களைக் கேட்டார்கள். அந்நியனிடம் ரகசியத்தைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று குறி வந்தது. அதற்குப்பின் தனக்கு விஷயம் கிடைப்பது வற்றிவிட்டது என்று ரிவர்ஸே எழுதுகிறார். ஒளிக்காமல் எழுதுகிறார். அதுவரை கேட்டு வைத்திருந்ததை அச்சிடவும் செய்கிறார்.

நெருப்புக்கும் சொல்லுக்கும் காரண காரிய சம்பந்தம் உண்டா என்பதல்ல என் கேள்வி. இல்லை என்பதுதான் என் அபிப்பிராயம். ஆனால் சொன்னவர்களுக்கு அந்த சம்பந்தம் உண்மை. அவர்களுடைய தார்மீக உலகத்தில் அவர்கள் விலை கொடுத்துவிட்டார்கள். ரிவர்ஸின் உலகத்தில் அது ஒரு தகவல், புத்தகத்துக்கு ஒரு சுவாரஸ்யமான முகவுரைக் குறிப்பு. ஒரு செயலுக்கு இரண்டு கணக்குப் புத்தகங்கள், ஒன்றில் பற்று மட்டும், மற்றொன்றில் வரவு மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்தச் செயலை நல்லது கெட்டது என்று எந்தப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது?

ரகசியம் என்றதும் புதையலோ நரபலியோ என்று நினைக்க வேண்டாம். பால் கறப்பது, உறைக்கு ஊற்றுவது, கடைவது, வெண்ணெய் எடுப்பது, நெய் உருக்குவது. நம் வீடுகளில் பாட்டிமார்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலைகள்தாம். தோடர்களிடம் இவை பூசாரியின் வேலை. கோயிலே பால் வைத்துக் கடைகிற இடம். உள்ளறை ஒன்று, வெளியறை ஒன்று. பாலைத் தொடுகிற பாத்திரங்கள் உள்ளறையில் இருக்கும். வெண்ணெயும் மோரும் நெய்யுமாக வெளியே போகிறதை வாங்கிக்கொள்ளும் பாத்திரங்கள் வெளியறையில் இருக்கும். இவையும் அவையும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதிலிருந்து இதற்கு மாற்ற நடுவில் மூன்றாவதாக ஒரு பாத்திரம் உண்டு. புனிதமானது சாதாரணமாக மாறுகிற அந்த ஒரு கணத்துக்கென்று ஒரு சிறு பாத்திரத்தை ஒதுக்கி வைத்த மனம், நம் வேதாந்திகள் பல வால்யூம்களில் தேடியதைச் சமையலறை மொழியிலேயே சொல்லிவிட்டது என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு. இப்படித் தோன்றுவதில் உள்ள ஆபத்துக்குப் பின்னால் வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான பால்கோயில்களின் பூசாரியைச் சாதாரண ஆள் ஒருவன் தொட்டுவிட்டால் அவர் பதவியே போய்விடும். விளக்கேற்றி அவர் சொல்கிற ஜெபத்தில் பெரும்பகுதி பெயர்கள். எருமைகளின், மந்தின், ஓடையின், குன்றின் பெயர்கள். தினசரி வழங்குகிற பெயர் வேறு, ஜெபத்தில் வருகிற பெயர் வேறு. அதையும் வெளியில் நிற்பவனுக்குச் சொல் பிரியாதபடி தொண்டைக்குள்ளேயே உச்சரிக்கிறார். தொண்டைக்குள் உருண்ட அந்தப் பெயர்கள் 1906இல் லண்டனில் அச்சேறின. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, எருமை வாடையே படாத நான் அவற்றை உரக்க வாசிக்கலாம். வாசித்துப் பார்க்கவில்லை. பயத்தினால் அல்ல, ஏதோ கூச்சத்தினால்.

ரிவர்ஸ் முரடர் அல்ல. அவரைவிட நாகரிகமான ஆராய்ச்சியாளர் அக்காலத்தில் குறைவு. வம்சாவளி சேகரிப்பதை ஒரு முறையாகவே ஆக்கியவர் அவர். தோடர்களிடம் அதற்கு ஒரு தடை இருந்தது. இறந்துபோன தன் முன்னோரின் பெயரை ஒருவர் வாயால் சொல்லக்கூடாது. ரிவர்ஸ் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். விதியை மீறாமல், விதியின் பின்வாசல் வழியாகப் போனார் என்று சொல்லலாம். இந்தப் பின்வாசல் நமக்கும் பழக்கமானதுதான். நான் வேலை பார்க்கும் வங்கியில் கணக்குத் தொடங்க வரும் வயதான பெண்களிடம் இன்றும் கணவர் பெயர் கேட்டால் சிரித்துவிட்டு, கூட வந்த பெண்ணைப் பார்ப்பார்கள். அந்தப் பெண் சொல்லும், நான் எழுதிக்கொள்வேன். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. தனக்காக வாய் திறக்க வேண்டியவளை அந்த அம்மாளே கூட்டி வந்திருக்கிறாள். இறந்த தோடனுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை.

அறிவு எல்லோருக்கும் பொது, மறைத்து வைப்பதுதான் பாவம் என்று இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அது மேலைநாட்டிலிருந்து மட்டும் வந்த வாதம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்மிடம் திருக்கோஷ்டியூர்க் கதை இருக்கிறது. பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரார்த்தத்தை, வெளியில் சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையோடு நம்பி கொடுத்ததை, ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னார் என்று குருபரம்பரைக் கதை. ரகசியத்தை உடைத்ததற்காகவே நாம் கொண்டாடுகிற மனிதர் அவர். அப்படியானால் ரிவர்ஸைக் குறை சொல்ல நமக்கு என்ன முகாந்திரம்?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் வெகுநாள் குழம்பியிருக்கிறேன். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். ராமானுஜர் தனக்குக் கிடைத்ததைச் சொன்னார், நரகத்தையும் தனக்கே எடுத்துக்கொண்டார். நான் ஒருவன் போனால் போகிறது என்று சொல்ல முடிந்ததால்தான் அந்தச் செயலுக்கு அழகு வந்தது. நீலகிரியில் சொன்னவன் வேறு, சொன்னதால் லாபம் பெற்றவன் வேறு. நரகம் மந்தில் தங்கிவிட்டது, புத்தகம் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. ஆகவே வெளிப்படுத்துவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

இதே கேள்வியை மௌனத்திடமும் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் பழங்குடியை ஒரு புனித இருட்டாக்கி வணங்குகிற சௌகரியமான மனோபாவத்தில் போய் முடியும். அந்த மனோபாவம் நம் எழுத்தில் இப்போது ரொம்பவும் மலிந்து கிடக்கிறது. தோடர்களிடம் பெண்சிசுக் கொலை இருந்தது. ரிவர்ஸ் காலத்தில் அது குறைந்துவிட்டிருந்தாலும் அவர் அதையும் எழுதினார். அங்கே பேசாதிருந்தால் விலை கொடுப்பது குழந்தை. பால்கோயிலின் புனிதமும் பெண்களை அண்டவிடாத புனிதம்தான். ஒரு சமூகத்தின் ரகசியம் என்று நாம் மரியாதையோடு சொல்வது, பல சமயம் அச்சமூகத்தில் சில ஆண்களின் ரகசியம்.

எங்கள் ஊரிலேயே வேறொரு வகை ரகசியத்தின் கதை இருக்கிறது. 1955இல் இங்கே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியபின், ழான் ஃபிலியோஸாவின் தூண்டுதலில் என். ஆர். பட் முதலானவர்கள் தென்னாட்டுக் கோயில்களுக்கும் சிவாசாரியார் வீடுகளுக்கும் போய் சைவாகமச் சுவடிகளைத் திரட்டினார்கள். ஆயிரக்கணக்கான கட்டுகள். 2005இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தீட்சை பெறாதவன் படிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு உள்ள நூல்கள் இவை. பதிப்பாகி வந்தபின் நானும் படிக்கலாம், எந்த நாட்டு மாணவனும் படிக்கலாம். இதனால் சிவாசாரியார்கள் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டம் பற்றி 1972இல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, சட்டம் நின்றது. ஆனால் யார் மூர்த்தியைத் தொடலாம் என்பதற்கு ஆகமமே பிரமாணமாகவும் நின்றது. அதிகாரத்தில் இருப்பவனுடைய ரகசியம் வெளியே வந்தால் அது சாஸ்திரம் ஆகிறது. அதிகாரம் இல்லாதவனுடைய ரகசியம் வெளியே வந்தால் அது தகவல் ஆகிறது. ஓலைக்கும் எருமைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அல்ல இது.

இதே புதுச்சேரியில் 2016 வரை பட்டியல் பழங்குடி என்று ஒருவர்கூடச் சட்டப்படி கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எங்கள் எல்லை ஒரே துண்டாக ஓடுவதில்லை, நடுநடுவே தமிழ்நாடு வந்துவிடும். அப்படி ஓர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையில் குடிசை போட்ட இருளர் பழங்குடி. இந்தப் பக்கம் போட்ட அவருடைய மைத்துனர் பழங்குடி அல்ல. 2016இல் குடியரசுத் தலைவரின் ஆணை வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளரைப் பட்டியலில் சேர்த்தது. நல்லது, தாமதமாகவேனும். ஆனால் ஒரு கூட்டம் பழங்குடிதானா என்று அரசாங்கம் பார்க்கிற அளவுகோல்கள் எவை? 1965இல் லோகுர் கமிட்டி சொன்ன ஐந்துதான் இன்றும். பண்டைத்தன்மை, தனித்த கலாச்சாரம், ஒதுங்கிய வாழ்விடம், பிற மக்களோடு பழகுவதில் கூச்சம், பின்தங்கிய நிலை.

நான்காவதைக் கவனியுங்கள். கூச்சம் ஒரு சான்று. கூச்சப்படுகிறேன் என்பதை அதிகாரியின் எதிரில் கூச்சமில்லாமல் நிரூபிக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறாய், எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய், செத்தவரை எப்படி அடக்கம் செய்கிறாய் என்று கேட்கக் கேட்கச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின், சொல்வதற்குக் கூசுகிறவர் என்று சான்றிதழ் கிடைக்கும். காஃப்காவுக்கு இந்த விஷயம் தெரியாமல் போனது நம் துரதிர்ஷ்டம். ஆனாலும் சான்றிதழ் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. விலை கொடுத்தவரே பொருளையும் பெறுகிறார் என்பதால், ரிவர்ஸின் மேஜையைவிட இது நேர்மையான வியாபாரம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

கேட்பவன் பாடு எப்போதும் இவ்வளவு மென்மையாகப் போனதில்லை என்பதற்கு அமெரிக்கச் சமவெளியின் ஷையன் மக்களைச் சொல்ல வேண்டும். 1864 நவம்பரில் சாண்ட் கிரீக்கில், கூடாரங்களில் இருந்த ஷையன், அராபஹோ மக்களைப் பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் பட்டாளம் கொன்றது. அந்த நூற்றாண்டிலேயே செவ்விந்தியர்களின் மண்டையோடுகளை அளந்து பார்ப்பதற்காக வாஷிங்டனுக்குச் சேகரித்தார்கள். பிறகு, மிச்சமிருந்தவர்களிடம் உட்கார்ந்து அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டார்கள். கிரின்னல் 1923இல் இரண்டு பாகங்களில் எழுதியது அருமையான புத்தகம். கூடாரம் தைப்பதும் இறைச்சி உலர்த்துவதும் முள்ளம்பன்றி முள்ளால் தோலில் பூவேலை செய்வதுமாக அன்றாடம் முழுவதும் அதில் இருக்கிறது. அந்தப் பூவேலைக்குப் பெண்களிடையே ஒரு சங்கம் உண்டு. நேர்ந்துகொண்டு, விருந்து வைத்து, மூத்தவளுக்குச் சன்மானம் கொடுத்துத்தான் ஒருத்தி கற்றுக்கொள்ளலாம். அவர்களுக்கு அறிவு என்பது ஒரு கடன், வாங்கினவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பது. 1986இல் வடக்கு ஷையன் தலைவர்கள் சிலர் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலைக்குப் போனபோது, பூர்வகுடிகளின் எலும்புகள் ஆயிரக்கணக்கில் இழுப்பறைகளில் அடுக்கியிருப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து கிளம்பிய குரலும் சேர்ந்துதான் 1990இல் எலும்புகளைத் திருப்பித் தருகிற சட்டம் வந்தது. எலும்பைத் திருப்பித் தரலாம். கேட்டு எழுதியதை எப்படித் திருப்பித் தருவது?

சார்த்தர் சாவித்துவாரத்தில் கண் வைத்தவனைப் பற்றிச் சொல்வது நினைவுக்கு வரலாம். பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவன் வெறும் பார்வை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் தன்னை ஒரு பொருளாக உணர்ந்து வெட்கப்படுகிறான். ரிவர்ஸுக்குக் காலடிச் சத்தம் கேட்டது, குறி சொல்பவர்களின் ரூபத்தில். அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

ஆனால் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 1917இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் ராணுவ மருத்துவமனையில், யுத்தத்தால் மனம் சிதைந்த அதிகாரிகளுக்கு வைத்தியம் பார்த்தவர் இதே ரிவர்ஸ். கவி ஸாஸூன் அவரிடம் இருந்தார். கண்டதை மறக்கப் பார்க்காதே, பேசு, எதிர்கொள் என்பது ரிவர்ஸின் வைத்தியம். பேசாதிருப்பதே அங்கே நோய். மலையில் பேசியதால் கெட்டவர்களைப் பார்த்த மனிதர், பதினைந்து வருஷம் கழித்துப் பேசாததால் கெட்டவர்களைப் பார்த்தார். இரண்டையும் அவர் மனசுக்குள் எப்படி இணைத்தார் என்பதை அறிய எனக்கு ஆசை. அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. பேசிப் பேசிக் குணமானவர்கள் திரும்பப் போர்முனைக்கு அனுப்பப்படலாம். ஸாஸூனும் போனார்.

எல்லாச் சொல்லும் பறிகொடுத்தல் அல்ல என்பதும் உண்மை. எமனோ 1930களில் தோடர்களோடு இருந்து சேகரித்து 1971இல் வெளியிட்ட பாட்டுகள் இல்லாவிட்டால், இணையிணையாகச் சிறு தொடர்களை அடுக்கி எந்த நிகழ்ச்சியையும் பாடிவிடுகிற அந்த அபூர்வக் கவிமரபு நமக்குத் தெரிந்திருக்காது. பர்ரோவும் அவரும் சேர்ந்து தொகுத்த திராவிட அகராதியைப் புரட்டும் தமிழ்ப் புலவர் ஒவ்வொருவரும் தோடனுக்குக் கடன்பட்டவர், கடனை நினைப்பதில்லை என்பது வேறு விஷயம். பாட்டு சபையில் பாடுவதற்கு உண்டானது. ஜெபம் அப்படியல்ல. இந்த எளிய வேறுபாட்டைக் காண மானிடவியல் பட்டம் வேண்டாம். காது போதும்.

இன்னொரு வகையும் உண்டு. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமானபின், விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பை விட்டுவிடுகிறார்கள். விஷம் மருந்துக்கு விலைபோகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருவரை 2017இல் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. தடத்தைப் பார்த்து மண்ணை வாசிக்கிற அந்த அறிவை அவர்கள் மறைக்கவில்லை. கேட்டால் காட்டுகிறார்கள். காட்டினாலும் மற்றவனுக்குத் தெரிவதில்லை. சொல்லக்கூடாதது ஒன்று, சொல்ல முடியாதது வேறொன்று. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பி இரண்டுக்கும் மௌனம் என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், கவிதையிலும்கூட.

அந்த மூன்றாவது பாத்திரத்தைப் பற்றி எனக்குத் தோன்றியதாகச் சொன்னேன் அல்லவா? அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எரிந்துபோன கோயிலிலிருந்து எனக்கு ஒரு படிமம் கிடைத்துவிட்டது. ரிவர்ஸ் தகவலை எடுத்துப்போனார் என்றால், நாம் எடுப்பது அர்த்தத்தை. அவராவது பெயர் பெயராக, பாத்திரம் பாத்திரமாக இருந்தபடி எழுதினார். நாம் அதை நம்முடைய சூன்யத்துக்கும் அந்நியமாதலுக்கும் உவமையாக்கிக்கொள்கிறோம். பழங்குடி வாழ்க்கை என்றால் சாவு ஓர் அத்தியாயம், கல்யாணம் ஓர் அத்தியாயம், மந்திரவாதம் ஓர் அத்தியாயம், கடைசியில் சொல்லகராதி என்று எழுதப்படும் நாவல்களைப் பார்க்கும்போது, லோகுர் கமிட்டியின் ஐந்தும் அதில் வரிசையாக நிறைவேறுவதைக் காண்கிறேன். ஒரு வித்தியாசம், சான்றிதழ் நாவலாசிரியருக்குப் போகிறது.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, மணலிலேயே தங்குவார்கள். இப்போது அங்கே காமிராக்காரர்களின் கூட்டமும் கணிசம். படம் எடுக்காதே என்று அவர்கள் சொல்வதில்லை. கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறவர்களும் உண்டு. முதுகும் நல்ல படமாகத்தான் விழுகிறது.

இருளர் வாழ்க்கையைப் பற்றி நாவல் எழுதியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு கிழவி, பிரசவம் பார்க்கும்போது தான் சொல்கிற வார்த்தைகளைச் சொல்கிறாள். அவர் கற்பித்த வார்த்தைகளாகத் தெரியவில்லை. இதை யாரிடம் கேட்டீர்கள் என்றேன். ஏரிக்கரையில் ஒரு அம்மா சொன்னது என்றார். இது அச்சில் வரப்போகிறது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே என்றார். நான் கேட்டது அதை அல்ல என்றேன். போய்க் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிரதி இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.